புதிய சிஸ்டம் கால் ஒன்றை மதிப்பிடுவது: கையேட்டுப் பக்கம் ஏன் முதலில் வரவேண்டும்

லினக்ஸ் இயங்குதளத்தின் மையப்பகுதியான கெர்னலுக்குள் இருக்கும் நிரலில் பெரும்பகுதியை அதன் உருவாக்குநர்கள் விரும்பும்போது மாற்றியெழுதலாம். நினைவக மேலாண்மை இந்த வெளியீட்டில் ஒருவிதமாகவும் அடுத்த வெளியீட்டில் வேறுவிதமாகவும் நடந்தால் வெளியே யாருக்கும் அது தெரியவேண்டியதில்லை. ஆனால் சாதாரண நிரல்கள் கெர்னலிடம் வேலை கேட்கும் இடங்களுக்கு, அதாவது சிஸ்டம் கால்களுக்கு, இந்தச் சுதந்திரம் கிடையாது. ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் ஒரு நிரல் கெர்னல் மாற்றத்தால் ஓடாமல் போனால் தவறு கெர்னலுடையதே என்பது லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் தொடக்கத்திலிருந்தே விட்டுக்கொடுக்காத விதி. ஆகவே ஒரு புதிய சிஸ்டம் கால் முன்மொழியப்படும்போது நடக்கும் மதிப்பாய்வு மற்ற நிரல் மதிப்பாய்வுகளைப் போன்றதன்று. பிழையான நிரலை அடுத்த வாரம் திருத்திவிடலாம். பிழையான இடைமுகத்தோடு பல பத்தாண்டுகள் குடித்தனம் நடத்தவேண்டும்.

இடைமுகம் என்பது அழைப்பின் பெயரும் அதற்குத் தரவேண்டிய மதிப்புகளும் மட்டுமல்ல. எந்த நிலையில் எந்தப் பிழை எண் திரும்பும், பாதி வேலை முடிந்திருக்கும்போது சிக்னல் (நிரலை இடைமறிக்கும் அறிவிப்பு) வந்தால் என்ன ஆகும், ஒரே பொருளின்மேல் இரண்டு திரெட்கள் (ஒரே நிரலுக்குள் இணையாக ஓடும் இழைகள்) ஒரே நேரத்தில் அழைத்தால் என்ன நடக்கும், ஃபோர்க் செய்யப்பட்ட (தாய் நிரலின் நகலாகப் பிறந்த) பிள்ளை நிரலுக்கு எது கடக்கும் என்பனவெல்லாம் சேர்ந்ததே இடைமுகம். இவற்றில் பெரும்பாலானவை நிரலின் வரிகளைப் படிக்கும்போது கண்ணில் படுவதில்லை. நிரல் தான் செய்வதைச் செய்கிறது. அது செய்யவேண்டியது எது என்பதைச் சொல்ல வேறோர் இடம் வேண்டும். லினக்ஸில் அந்த இடம் கையேட்டுப் பக்கங்களின் இரண்டாம் பிரிவு. முன்மொழிவோடு கையேட்டுப் பக்கத்தின் வரைவும் வரவேண்டும் என்பதைச் சிலர் ஒரு சடங்காகப் பார்க்கிறார்கள். என் பார்வையில் அந்த வரைவைப் படிப்பதுதான் மதிப்பாய்வின் மையமான வேலை.

இதற்கு டைமர்எஃப்டி நல்ல எடுத்துக்காட்டு. 2007 ஜூலையில் வெளியான 2.6.22 கெர்னலில், ஒரு கடிகாரத்தின் காலக்கெடுவை ஃபைல் டிஸ்கிரிப்டர் (திறந்த கோப்பைக் குறிக்கும் எண்) வழியாக அறிந்துகொள்ளும் இந்த அழைப்பு நுழைந்தது. நிரல் மதிப்பாய்வு முடிந்து, சேர்க்கப்பட்டு, வெளியாகியும் விட்டது. அப்போது கையேட்டுப் பக்கங்களைப் பராமரித்துவந்த மைக்கேல் கெரிஸ்க் அதை ஆவணப்படுத்த முனைந்தபோது, பழைய டைமர் அழைப்புகளான செட்ஐடைமரும் டைமர்-செட்டைமும் தரும் வசதிகளோடு அதை ஒப்பிட்டார். காலக்கெடுவை மாற்றும்போது முந்தைய அமைப்பு என்னவாக இருந்தது என்பதைப் பெற அவற்றில் வழி இருந்தது, டைமர்எஃப்டியில் இல்லை. காலக்கெடுவை மாற்றாமலே இன்னும் எவ்வளவு நேரம் மீதமிருக்கிறது என்று கேட்கவும் வழியில்லை. இந்தக் குறைகள் நிரலில் பிழைகளாகத் தெரியாது, ஏனெனில் இல்லாத ஒன்றை நிரலின் எந்த வரியும் காட்டிக்கொடுப்பதில்லை. கேள்வி எழுந்த பிறகு 2.6.23 வெளியீட்டில் அந்த அழைப்பு செயலிழக்கச் செய்யப்பட்டது. 2008 ஏப்ரலில் வெளியான 2.6.25இல் அதே வேலை உருவாக்கல், அமைத்தல், படித்தல் என்று மூன்று அழைப்புகளாகப் பிரிக்கப்பட்டுத் திரும்பிவந்தது. விதிப்படி பார்த்தால் இது வாக்கு மீறல். சி நூலகத்தில் அதற்கு ஆதரவு வந்துசேராத நிலையில் அதை நம்பி எழுதப்பட்ட நிரல்கள் புழக்கத்தில் இல்லாததால் தப்பித்தது. ஆறு மாதம் தாமதித்திருந்தால் தப்பியிருக்காது.

தப்பாத ஒன்றும் இருக்கிறது. வலைப்பின்னல் வழியே தனித்தனியாக வரும் செய்திப் பொதிகளான டேட்டாகிராம்கள் பலவற்றை ஒரே அழைப்பில் பெறும் ரெசிவ்-எம்மெசேஜ் அழைப்பு 2010 பிப்ரவரியில் 2.6.33 வெளியீட்டில் வந்தது. அதன் கடைசி மதிப்பு ஒரு காலக்கெடு. படிப்பவர் எவரும் ‘இவ்வளவு நேரத்துக்குமேல் காத்திருக்காதே’ என்றுதான் அதைப் புரிந்துகொள்வார். உண்மையில் ஒவ்வொரு டேட்டாகிராமும் வந்துசேர்ந்த பின்னரே கெர்னல் காலக்கெடுவைச் சரிபார்க்கிறது. பத்து கேட்டு, ஒன்பது வந்து, பத்தாவது வராமலே போனால், காலக்கெடு கடந்து எவ்வளவு நேரமானாலும் அழைப்பு திரும்பாது. கையேட்டுப் பக்கத்தின் ‘பிழைகள்’ பகுதியில், இந்த மதிப்பு எண்ணியபடி இயங்கவில்லை என்றே எழுதிவைத்திருக்கிறார்கள். காலக்கெடு எப்போது தொடங்குகிறது, எப்போது பார்க்கப்படுகிறது, கடந்துவிட்டால் அதுவரை வந்தவை என்ன ஆகும் என்ற மூன்று கேள்விகளுக்கும் பதிலாக வாக்கியங்கள் எழுதும்படி, அழைப்பைச் சேர்க்கும் முன்பே முன்மொழிந்தவரைக் கேட்டிருந்தால், இரண்டாவது வாக்கியத்தை எழுதும்போதே பேனா நின்றிருக்கும்.

அனுபவம் திரும்பத் திரும்பச் சொல்லித்தந்த இன்னொரு பாடம், அழைப்பின் நடத்தையைத் தேர்ந்தெடுக்கும் பிட்களான ஃபிளாக்குகளைப் பற்றியது. இதைச் சற்று விரிவாகப் பார்க்கவேண்டும். ஒரு கோப்பைத் திறந்த பிறகு, அந்த ஃபைல் டிஸ்கிரிப்டர், நிரல் தன் இடத்தில் வேறொரு நிரலை எக்ஸெக் செய்யும்போது (ஏற்றி ஓட்டும்போது) தானாக மூடப்படவேண்டும் என்று குறிப்பது பழைய வழக்கம். பல திரெட்கள் கொண்ட நிரலில் இது ஆபத்தானது. திறப்பதற்கும் குறிப்பதற்கும் இடையிலுள்ள சிறு இடைவெளியில் மற்றொரு திரெட் ஃபோர்க்கும் எக்ஸெக்கும் செய்துவிட்டால், மூடியிருக்கவேண்டிய டிஸ்கிரிப்டர் புது நிரலின் கையில் போய்ச் சேர்ந்துவிடும். எனவே திறக்கும் அழைப்பிலேயே அந்தக் குறிப்பையும் தர வழி வேண்டியிருந்தது. ஆனால் பைப், டியூப்2, ஐநோட்டிஃபை-இனிட் போன்றவற்றில் ஃபிளாக்குக்கான இடமே இல்லை. 2008 அக்டோபரில் வந்த 2.6.27 வெளியீட்டில் இதற்காக மட்டுமே ஆறு புதிய சிஸ்டம் கால்கள் சேர்க்கப்பட்டன: டியூப்3, பைப்2, ஈபோல்-கிரியேட்1, ஐநோட்டிஃபை-இனிட்1, ஈவென்ட்எஃப்டி2, சிக்னல்எஃப்டி4. இவற்றில் ஈவென்ட்எஃப்டியும் சிக்னல்எஃப்டியும் முந்தைய ஆண்டில்தான் பிறந்தவை. ஒரே ஒரு மதிப்புக்கு இடம் விடாததால், ஒன்றேகால் ஆண்டுக்குள் இரண்டாம் பதிப்பு தேவைப்பட்டது. ஈபோல்-கிரியேட்டின் கதை இன்னும் வேடிக்கையானது. அது கேட்கும் அளவு என்ற மதிப்பை 2.6.8 முதல் கெர்னல் பொருட்படுத்துவதில்லை. ஆனாலும் அது பூஜ்யத்தைவிடப் பெரிதாக இருந்தே தீரவேண்டும்.

இதன் பிறகு ‘எல்லாவற்றிலும் ஃபிளாக்குக்கு இடம் விடு’ என்பது மதிப்பாய்வாளர்களின் வாய்ப்பாடாகிவிட்டது. வாய்ப்பாடு பாதிதான் சரி. ஃபிளாக்குக்கு இடம் விட்டும் கெட்டுப்போன அழைப்புக்கு யுனிக்ஸின் மிகப் பழைய அழைப்புகளுள் ஒன்றான ஓப்பனே சான்று. அதில் ஃபிளாக்குகள் தொடக்கத்திலிருந்தே உண்டு. ஆனால் தனக்குத் தெரியாத பிட் வந்தால் லினக்ஸின் ஓப்பன் அதைக் கண்டுகொள்ளாமல் விட்டுவிடும். புதிய ஃபிளாக் ஒன்றைச் சேர்த்தால், பழைய கெர்னலில் ஓடும் நிரலுக்கு அது கிடைத்ததா இல்லையா என்பது தெரியவே தெரியாது. பெயரில்லாத தற்காலிகக் கோப்பை உருவாக்கும் ஓ-டெம்ப்ஃபைல் ஃபிளாக் 2013இல் 3.11 வெளியீட்டில் வந்தபோது இந்தச் சிக்கலை ஒரு தந்திரத்தால் கடந்தார்கள். அதன் மதிப்புக்குள் ‘இது கோப்பகமாக இருக்கவேண்டும்’ என்ற பழைய பிட்டையும் சேர்த்துவைத்து, எழுதும் உரிமையோடுதான் அழைக்கவேண்டும் என்றும் விதித்தார்கள். கோப்பகத்தை எழுதுவதற்காகத் திறக்க முடியாது என்பதால் பழைய கெர்னல் பிழை எண்ணைத் திருப்பும். நிரலும் நிலைமையைப் புரிந்துகொள்ளும். திறமையான தந்திரம்தான், ஆனால் ஒரு முறைதான் பலிக்கும்.

கோப்புப் பாதையை ஒரு கோப்பகத்துக்குள்ளேயே கட்டுப்படுத்தும் வசதி 2014 முதலே பல வடிவங்களில் முன்மொழியப்பட்டும், அது ஓப்பனோடு ஒட்டாமல் போனதற்கு மேற்சொன்ன பழுதும் ஒரு காரணம். நிரல்களைத் தனி அறைபோல் பிரித்து ஓட்டும் கன்டெய்னர் மென்பொருள்களுக்கு இந்த வசதி அவசரமாகத் தேவைப்பட்டது. கன்டெய்னருக்குள் இருக்கும் ஒருவர் ஒரு பாதையின் நடுவில் சிம்பாலிக் லிங்க்கை (வேறொரு பாதையைச் சுட்டும் கோப்பை) உரிய நேரத்தில் மாற்றிவைத்தால், வெளியே நிர்வாகி உரிமையோடு ஓடும் நிரல் ஏமாந்து, கன்டெய்னருக்கு வெளியிலுள்ள கோப்பைத் திறந்துவிடும். டாக்கர் என்னும் கன்டெய்னர் மென்பொருளின் கோப்பு நகலெடுக்கும் கட்டளையில் அப்படியொரு பாதுகாப்புக் குறை வெளியாகியிருந்தது. கன்டெய்னர் மென்பொருள்களில் பணியாற்றிய அலெக்ஸா சராய் முன்மொழிந்து, பல சுற்று மதிப்பாய்வுக்குப் பின் 2020 மார்ச்சில் 5.6 வெளியீட்டில் சேர்ந்த ஓப்பன்அட்2, இந்தத் துறையில் இதுவரை கற்றவற்றின் தொகுப்பு என்றே சொல்லலாம்.

அது மதிப்புகளைத் தனித்தனியாகக் கேட்காமல் ஒரு ஸ்ட்ரக்டில் (பல புலங்களைத் தொகுத்த தரவு அமைப்பில்) கேட்கிறது. அந்த ஸ்ட்ரக்டின் அளவையும் கூடவே கேட்கிறது. முதல் பதிப்பின் அளவு 24 பைட்: ஃபிளாக்குகள், அனுமதி பிட்கள், பாதையை எப்படிப் பின்தொடர்வது என்ற கட்டுப்பாடுகள், ஒவ்வொன்றும் 64 பிட். நாளை புலங்கள் கூடினால் என்ன ஆகும் என்பதை விதியாகவே எழுதிவைத்திருக்கிறார்கள். நிரல் பழையது, கெர்னல் புதியது என்றால், வராத புலங்களைப் பூஜ்யமாகக் கெர்னல் எடுத்துக்கொள்ளும். ஆகவே இனிச் சேர்க்கப்படும் எந்தப் புலத்திலும் பூஜ்யத்துக்குப் பொருள் ‘பழையபடியே’ என்றுதான் இருக்கமுடியும். நிரல் புதியது, கெர்னல் பழையது என்றால், கெர்னலுக்குத் தெரியாத பைட்கள் அனைத்தும் பூஜ்யமாக இருக்கும்வரை வேலை நடக்கும். ஒன்று பூஜ்யமில்லாவிட்டாலும் ஈ-டூபிக் என்ற பிழை திரும்பும். தெரிந்த புலத்தில் தெரியாத பிட் வந்தால் ஈ-இன்வால். இந்த முறை பெர்ஃப்-ஈவென்ட்-ஓப்பன், ஷெட்-செட்அட்டர் போன்றவற்றில் முன்பே இருந்தது. ஆனால் ஒவ்வொருவரும் தமக்குத் தோன்றியபடி எழுதிக்கொண்டிருந்ததை ஒரு பொதுச் செயற்கூறாக்கி 5.4 வெளியீட்டில் கெர்னலிலேயே வைத்தது, ஓப்பன்அட்2 மதிப்பாய்வு தந்த உபரி லாபம்.

அதன் கையேட்டுப் பக்கத்தில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி பிழை எண்களின் பட்டியல். பாதை கோப்பகத்தைத் தாண்டி வெளியேற முயன்றால் ஈ-எக்ஸ்டெவ் வரும் என்று சொல்வதோடு அது நிற்கவில்லை. ‘மேல் கோப்பகம்’ என்னும் இரட்டைப் புள்ளியைப் பின்தொடரும் நேரத்தில் வேறு யாரோ கோப்பகங்களை இடம் மாற்றிக்கொண்டிருந்தால், பாதை வெளியேறவில்லை என்று கெர்னலால் உறுதி சொல்லமுடியாமல் போகலாம். அப்போது ஈ-அகெய்ன் வரும், விரும்பினால் மீண்டும் முயலலாம் என்றும் சொல்கிறது. இது ஓர் எதிரி வேண்டுமென்றே உண்டாக்கக்கூடிய நிலை. இந்த வாக்கியம் இல்லாவிட்டால் ஒரு நிரலாளர் இதைச் சாதாரணத் தோல்வியாக எடுத்துக்கொண்டு கைவிடுவார், மற்றொருவர் முடிவில்லாத சுழற்சியில் முயன்றுகொண்டே இருப்பார். முன்மொழிவொன்றைப் படிக்கத் தொடங்குபவர், விளக்கப் பகுதியை விட்டுவிட்டு நேராகப் பிழைப் பட்டியலுக்குப் போவது நல்லது. ஒரே பிழை எண்ணுக்கு நான்கு காரணங்கள் எழுதியிருந்தால், அழைத்தவர் எந்தக் காரணம் என்று பிரித்தறிந்து வேறுவேறாக நடக்கவேண்டியிருக்குமா என்று கேட்கவேண்டும். ஆம் என்றால் இடைமுகம் இன்னும் முடியவில்லை.

செயலி வகைகளால் வரும் சிக்கல்களை விரைவாகக் கடந்துவிடலாம், ஏனெனில் இவற்றுக்குத் தெளிவான விடைகள் உண்டு. 32 பிட் ஆர்ம் போன்ற சில செயலிகளில் 64 பிட் மதிப்பு இரட்டை எண்ணில் தொடங்கும் ரெஜிஸ்டர் (செயலிக்குள் இருக்கும் சிறு சேமிப்பிடம்) இணையில்தான் உட்காரும். சிங்க்-ஃபைல்-ரேஞ்ச் அழைப்பில் மதிப்புகளின் வரிசை சரியில்லாததால் அங்கே ஆறு ரெஜிஸ்டர்கள் போதாமல் ஏழு தேவைப்பட்டன. அதற்காகவே வரிசையை மாற்றிய இரண்டாம் பதிப்பு ஒன்று உண்டாயிற்று. நேரத்தை 32 பிட்டில் வைக்கும் எந்த ஸ்ட்ரக்டும் 2038 ஜனவரி 19 அன்று நிரம்பி வழியும் என்பதால் புதிதாக வரும் எதிலும் அது இருக்கக்கூடாது. பழைய அழைப்புகளுக்கு மாற்றாக 32 பிட் செயலிகளில் புதிய அழைப்புகளின் ஒரு கூட்டமே 5.1 வெளியீட்டில் சேர்க்கப்பட்டது.

பாதுகாப்பு பற்றிய கேள்விகள் இவ்வளவு எளிதாக முடிவதில்லை. 2000ஆம் ஆண்டில் 2.2 வரிசைக் கெர்னலில், நிர்வாகி உரிமையைத் துண்டுகளாகப் பிரிக்கும் புதிய வசதியைப் பயன்படுத்தி, சாதாரணப் பயனர் ஒருவர் பயனர் எண்ணை மாற்றும் உரிமையை மட்டும் நீக்கிவிட்டு, அஞ்சல் அனுப்பும் நிரலான சென்ட்மெயிலை இயக்கமுடிந்தது. தன் நிர்வாகி உரிமையைக் கைவிட சென்ட்மெயில் அழைத்த அழைப்பு தன் வேலையை முழுமையாகச் செய்யவில்லை. அப்படி ஆகக்கூடும் என்றே நினைக்காத சென்ட்மெயில் நிர்வாகி உரிமையை இழக்காமலே தொடர்ந்து ஓடியது. புதிய வசதியும் சென்ட்மெயிலும் தனித்தனியே பார்த்தால் நியாயமானவையே. பழைய அழைப்பு ஒருபோதும் தோற்காது என்று நம்பி எழுதப்பட்ட நிரல்களைப் புதிய இடைமுகம் என்ன செய்யும் என்ற கேள்வியைக் கேட்டிருக்கவேண்டியவர் மதிப்பாய்வாளர். இன்று முன்மொழிவுகளில் அதிகம் காணப்படும் சோம்பல் வேறுவகை. எந்த உரிமை தேவை என்று யோசிக்காமல் கேப்-சிஸ்-அட்மின் என்று போட்டுவிடுவது. அந்த ஒற்றை உரிமைக்குள் இவ்வளவு அதிகாரங்கள் குவிந்துவிட்டதால், அதைப் பெற்ற நிரலுக்கும் நிர்வாகிக்கும் பெரிய வேறுபாடில்லை. 5.8 வெளியீட்டில் பிபிஎஃப் (கெர்னலுக்குள் சிறு நிரல்களை ஏற்றி ஓட்டும் வசதி), பெர்ஃப் (செயல்திறனை அளக்கும் வசதி) ஆகியவற்றுக்கான உரிமைகளைத் தனியே பிரித்தெடுத்தது இந்தக் குவியலைக் குறைக்கும் முயற்சியே.

மதிப்பாய்வு ஓர் இடைமுகத்தைப் பெரிதாக்கும் என்றே பலர் எண்ணுவர். 2023 அக்டோபரில் வந்த எம்சீல் முன்மொழிவு நேர்மாறானது. நினைவகப் பகுதி ஒன்றின் அனுமதிகளையும் இருப்பையும் இனி மாற்றமுடியாதபடி முத்திரையிடுவது அதன் நோக்கம். முதல் வடிவம், எந்தெந்த அழைப்புகளைத் தடுக்கவேண்டும் என்பதைத் தனித்தனி பிட்களாக அழைப்பவர் தேர்ந்தெடுக்கலாம் என்றது. டோர்வால்ட்ஸ் அந்த அணுகுமுறையை ஏற்கவில்லை. முகவரியையும் நீளத்தையும் மட்டும் கேட்கும் மிம்யூட்டபிள் அழைப்பை ஓப்பன்பிஎஸ்டி என்னும் வேறோர் இயங்குதளத்தில் ஏற்கெனவே உருவாக்கியிருந்த தியோ டி ராட்டும் கடுமையாக மறுத்தார். ஒரு பகுதியைக் குலைக்கவல்ல வழிகளில் சிலவற்றை மட்டும் மூடினால் மற்றொரு வழியாக அதே குலைவை உண்டாக்கலாம் என்பது மறுக்கமுடியாத வாதம். 2024 ஜூலையில் 6.10 வெளியீட்டில் சேர்ந்த எம்சீலில் முகவரி, நீளம், ஃபிளாக் என்று மூன்றே மதிப்புகள். ஃபிளாக் இப்போதைக்குப் பூஜ்யமாகவே இருக்கவேண்டும், இல்லாவிட்டால் பிழை. முத்திரையை உடைக்க வழியில்லை. பிட்களின் சேர்க்கைகள் ஒவ்வொன்றும் எதைக் காக்கும், எதைக் காக்காது என்று முதல் வடிவத்துக்குக் கையேடு எழுதியிருந்தால் அது பக்கம் பக்கமாக நீண்டிருக்கும். இன்றைய வடிவத்தை ஒரு பத்தியில் சொல்லிவிடலாம்.

ஆவணத்தில் எழுதாதது இடைமுகம் ஆகாது என்று வாதிடுவோரும் உண்டு. நடைமுறை அந்த வாதத்தை ஏற்பதில்லை. 2011இல் கெர்னலின் டிரேஸ் நிகழ்வுகளின் (உள்ளே நடப்பதைப் பதியும் குறிப்புகளின்) தலைப்பகுதியிலிருந்து, பொருளிழந்துபோன ஒரு புலத்தை நீக்கினார்கள். நிகழ்வின் வடிவத்தைக் கெர்னலே ஒரு கோப்பில் விவரிக்கிறது. அதைப் படித்தே புலங்களின் இடத்தை நிரல்கள் கண்டுகொள்ளவேண்டும் என்பது ஏற்பாடு. மின்சாரச் செலவை அளக்கும் பவர்டாப் நிரலோ இடங்களை எண்ணாகவே எழுதிவைத்திருந்தது. புலம் போனதும் உடைந்தது. தவறு பவர்டாப்பினுடையது என்று எல்லாருக்கும் தெரியும், ஆனாலும் பயனற்ற நான்கு பைட்கள் திரும்ப வைக்கப்பட்டன. ஆகவே ‘இந்த வடிவம் மாறலாம்’ என்று ஆவணத்தில் ஒரு வரி எழுதிவிட்டுத் தப்பமுடியாது. மாறக்கூடியதை நிரல்கள் நேரடியாகத் தொட்டுவிடாதபடி இடைமுகத்தையே அமைக்கவேண்டும், அல்லது அதை நிலையானதாகவே எண்ணி மதிப்பிடவேண்டும். இந்தக் கண்டிப்பு சிஸ்டம் கால்களுக்குத்தான் கிடைக்கிறது என்பது வேறொரு குறை. சாதனங்களுக்குக் கட்டளையிடும் ஐஆக்டல் அழைப்பு வழியாகவும், கெர்னல் தன் நிலையை வெளிக்காட்டும் சிஸ்எஃப்எஸ் கோப்புகள் வழியாகவும் நுழைபவையும் அதே நிரந்தரத்தைப் பெறுகின்றன, ஆனால் அவற்றைப் பார்ப்பவர் சிலரே.

கெர்னலோடு வரும் ஆவணங்களில் சிஸ்டம் கால் சேர்ப்பதற்கான வழிகாட்டி ஒன்று இருக்கிறது. மேலே கூறியவற்றில் பல அதில் உள்ளன. இடைமுகத்தை விவாதிப்பவர்களுக்குத் தனியே அனுப்பவேண்டும், சோதனை நிரலும் கையேட்டு வரைவும் வேண்டும் என்றும் அது கேட்கிறது. சோதனை நிரல் என்று கெர்னல் எழுதியவரே தருவது பெரும்பாலும் தம் அழைப்பு வெற்றிபெறும் வழியை மட்டும் நடந்துகாட்டும். அந்த அழைப்பை உண்மையில் பயன்படுத்தப்போகும் ஒரு நிரலின் உருவாக்குநர் தம் நிரலை அதற்கு மாற்றிப் பார்ப்பதே பயனுள்ள சோதனை. ஆனால் அத்தகையவர் கைக்கு அழைப்பு போய்ச்சேர்வதே தாமதமாகத்தான். திரெட் எண்ணைத் தரும் எளிய கெட்டிஐடி அழைப்புக்கு குனு சி நூலகத்தில் 2019இல்தான் இடம் கிடைத்தது. பயன்பாடு தொடங்கும்போது இடைமுகம் உறைந்துபோயிருக்கும் என்பதால், அந்த இடைவெளியை நிரப்பக் கையேட்டு வரைவைவிட மலிவான கருவி இல்லை.

நல்ல ஆவணமும் நல்ல மதிப்பாய்வும் பெற்ற அழைப்பும் சிக்கலில் மாட்டலாம் என்பதற்கு, தற்செயல் எண்களைத் தரும் கெட்-ரேண்டம் சான்று. 2014இல் 3.17 வெளியீட்டில் வந்த அது, எண்ட்ரோபி (கணிக்கமுடியாத தற்செயல் தரவு) போதுமான அளவு சேரும்வரை காத்திருக்கும் என்று கையேடு தெளிவாகவே சொன்னது. 2019 செப்டம்பரில் 5.3 வெளியாகும் தறுவாயில், இஎக்ஸ்டி4 கோப்பமைப்பில் வட்டு அணுகலைக் குறைத்த ஒரு நல்ல மேம்பாட்டால், கணினி தொடங்கும்போது சேரும் எண்ட்ரோபியும் குறைந்தது. உள்நுழைவுத் திரை வருமுன் ஒரு நிரல் கெட்-ரேண்டத்தை அழைத்துவிட்டுக் காத்திருக்க, கணினி எழும்பவேயில்லை. ஆவணம் சொன்னபடிதான் அழைப்பு நடந்தது, எனினும் நிரல் ஓடவில்லை என்பதால் டோர்வால்ட்ஸ் கோப்பமைப்பின் மேம்பாட்டைத்தான் விலக்கினார். 5.4இல் கெர்னல் தானே எண்ட்ரோபியை உண்டாக்கிக்கொள்ளும் வழி சேர்க்கப்பட்டது. பின்னர் 5.6இல், பாதுகாப்புக்காக அல்லாமல் ஏதோவொரு எண் கிடைத்தால் போதும் என்பவர்களுக்காக, காத்திருக்காத புதிய ஃபிளாக் ஒன்றும் வந்தது. தெரியாத பிட் வந்தால் ஈ-இன்வால் திருப்பவேண்டும் என்று 2014லேயே எழுதப்பட்டிருந்ததால் அதற்குப் புதிய சிஸ்டம் கால் தேவைப்படவில்லை. பழைய கெர்னலில் ஓடும் நிரல் அந்தப் பிழையைப் பார்த்ததும் பழைய வழிக்குத் திரும்பிக்கொள்கிறது.